தடை தண்ணீரில் இல்லை: மொட்டைமாடி வெந்நீர்க் கலனும் நானோ திரவமும்

பெங்களூரில் அல்சூரிலோ லிங்கராஜபுரத்திலோ ஏதேனும் ஒரு மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடியில் ஏறிச் சுற்றிப் பார்த்தால், துணிக்கொடிகளுக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் நடுவே தெற்கு நோக்கிச் சாய்ந்த கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் மார்கழி, தை மாதக் காலைகளில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கிவிடும். சென்னையிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள்கூட முதல் டிசம்பரிலேயே வெந்நீருக்குப் பழகிவிடுவார்கள். குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட புதிய வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்க் கலனைக் கர்நாடக அரசு 2007இல் கட்டாயமாக்கியது. மின்கட்டணத்தில் ஒரு சிறு தள்ளுபடியும் இருந்துவந்தது. அதனால் சோலார் ஹீட்டர் என்பது இங்கே யாரும் திரும்பிப் பார்க்காத, குக்கர் போன்ற ஒரு வீட்டுப் பொருளாகிவிட்டது.

அப்படி யாரும் திரும்பிப் பார்க்காத பெட்டி ஒன்றை எங்கள் மாடியில் கழற்ற வேண்டி வந்தது. பதினொரு ஆண்டுகள் உழைத்த கலன். வெயில் நன்றாக அடித்த நாள்களிலும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. பழுது பார்க்க வந்த தமிழர், கண்ணாடியை எடுத்து, தாமிரத் தகட்டின் முதுகில் ஒட்டியிருந்த, தண்ணீர் மேலேறும் ரைசர் குழாய்களில் ஒன்றை ஆக்ஸா பிளேடால் அறுத்து, வெட்டு முகத்தை என்னிடம் காட்டினார். சிவந்த தாமிர வளையத்துக்கு உள்ளே, சங்கின் உட்புறம் போல வெள்ளை வளையம் ஒன்று கெட்டியாகப் படிந்திருந்தது. "போர் தண்ணி சார், உப்பு பிடிச்சிருக்கு" என்றார். கீழ்வீட்டுப் பையன் எந்திரவியலில் எம்.டெக். படிக்கிறவன், அவனும் உடன் நின்றிருந்தான். அவன் கேட்ட கேள்வி வேறு: "அங்கிள், தண்ணிக்குப் பதிலா நானோஃப்ளூயிட் விட்டா இதோட எஃபிஷியன்சி கூடும்தானே? எங்க டிபார்ட்மெண்ட்ல பாதிப் பேர் அதைத்தான் ப்ராஜெக்டா பண்றாங்க." கூடும் என்றோ கூடாது என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடக் கூடிய கேள்வி அல்ல அது. கேள்வி கேட்கப்பட்ட இடமே சரிதானா என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

நானோ திரவம் என்பது, நீர், எத்திலீன் கிளைகால், எண்ணெய் போன்ற ஏதேனும் ஒரு திரவத்தில் 100 நானோமீட்டருக்கும் குறைந்த அளவுள்ள திடத் துகள்களைக் கலந்து, அவை அடியில் தங்காதபடி மிதக்கவைத்த ஒரு கூழ்மம். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இத்துகள்கள் அதில் எண்ணூறில் ஒரு பங்குக்கும் கீழே. திரவங்கள் வெப்பத்தைக் கடத்துவதில் சோம்பேறிகள். ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்ற அலகில் சொன்னால், நீரின் வெப்பக் கடத்துத்திறன் 0.6, எத்திலீன் கிளைகாலுக்கு 0.25, வெப்ப எண்ணெய்களுக்கு 0.13 அளவே. அலுமினா எனப்படும் அலுமினிய ஆக்சைடுக்கோ 30க்கு மேல், தாமிரத்துக்கு 400. நன்றாகக் கடத்தும் திடப்பொருளைத் தூளாக்கித் திரவத்தில் போட்டால் திரவமும் நன்றாகக் கடத்தாதா என்பது மிகப் பழைய யோசனை. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். ஆனால் மைக்ரான் அளவிலும் மில்லிமீட்டர் அளவிலும் உள்ள தூள்கள் குழாயை அடைத்தன, பம்பின் உட்புறத்தைத் தேய்த்தன, ஓட்டம் நின்றவுடன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. துகளை நானோ அளவுக்குச் சிறிதாக்கினால் இந்தத் தொல்லைகள் நீங்கும் என்று அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஸ்டீபன் சோய் 1995இல் முன்வைத்தபோதுதான் 'நானோ திரவம்' என்ற பெயரே பிறந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் வந்த முடிவுகள் மேக்ஸ்வெல்லைத் தூக்கிச் சாப்பிடுவதாக இருந்தன. நன்றாகக் கடத்தும் துகள்கள் கோள வடிவில், தனித்தனியாக, நீர்த்த அளவில் இருந்தால், அவற்றின் கன அளவு விகிதத்தைப் போல மூன்று மடங்கு மட்டுமே கடத்துத்திறன் கூடும் என்பது மேக்ஸ்வெல் சூத்திரத்தின் சாரம். அதாவது 1% துகளுக்கு 3% உயர்வு. 2001இல் ஆர்கான் குழுவினரோ, 10 நானோமீட்டருக்கும் சிறிய தாமிரத் துகளை எத்திலீன் கிளைகாலில் வெறும் 0.3% சேர்த்தபோது 40% உயர்வு கிடைத்ததாக அறிவித்தார்கள். அதே ஆண்டில், ஓர் எண்ணெயில் 1% கார்பன் நானோ குழாய்களைச் சேர்த்து 160% உயர்வு கண்டதாக இன்னொரு கட்டுரை வந்தது. 2003இல் சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த சரித் குமார் தாஸும் ஜெர்மானியக் கூட்டாளிகளும், அலுமினா, தாமிர ஆக்சைடுத் துகள்கள் கலந்த நீரில் இந்த உயர்வு 21 டிகிரியிலிருந்து 51 டிகிரிக்குப் போகும்போது இரண்டு முதல் நான்கு மடங்காகப் பெருகுவதாகக் காட்டினார்கள். வெப்பம் ஏற ஏற நன்மையும் ஏறும் என்றால் சூரிய வெந்நீருக்கு இதைவிடப் பொருத்தமான திரவம் எது என்று ஆய்வாளர்கள் நினைத்ததில் வியப்பில்லை. துகள்களின் பிரௌனியன் துள்ளல் (திரவ மூலக்கூறுகள் மோதித் துகள்கள் ஓயாமல் துடிப்பது), துகளைச் சுற்றி ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும் திரவ மூலக்கூறுகள், துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு வெப்பத்துக்குப் பாதை போடுவது என்று விளக்கங்களும் வரிசையாக வந்தன.

இந்த உற்சாகத்தை நிதானப்படுத்தியது 2009இல் வெளிவந்த ஒரு கூட்டாய்வு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜாக்கபோ புவோஞ்சோர்னோ முன்னின்று நடத்திய அந்த முயற்சியில், உலகெங்கும் 30க்கு மேற்பட்ட ஆய்வு அமைப்புகள் ஒரே மாதிரித் திரவங்களைப் பெற்று, ஒருவர் அளவை மற்றவர் அறியாமல், பலவகை முறைகளில் அளந்தன. கிடைத்த எண்கள் ஒன்றோடொன்று நெருங்கியே இருந்தன. மேக்ஸ்வெல் சூத்திரத்தின் விரிவாக்கமே அவற்றை விளக்கப் போதுமானதாக இருந்தது. சோதித்த திரவங்களில் அதிசய உயர்வு எதுவும் தென்படவில்லை. அதற்காக முந்தைய அளவீடுகள் எல்லாம் பிழை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஜான் பிலிப்பும் உடன் பணியாற்றியவர்களும், காந்த இரும்பு ஆக்சைடுத் துகள்கள் உள்ள திரவத்தில் காந்தப் புலத்தைச் செலுத்தி, துகள்களை வெப்பம் பாயும் திசையிலேயே சங்கிலியாக நிறுத்தியபோது 300% வரை உயர்வு கண்டார்கள். துகள்கள் கைகோத்துக்கொண்டால் வெப்பம் தாவிப் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனால், அப்படிக் கைகோத்த துகள்கள்தாம் நாளடைவில் கட்டியாகி அடியில் இறங்குவதும். கடத்துத்திறனுக்கு நல்லதாக இருப்பது நிலைத்தன்மைக்குக் கெடுதலாக இருப்பது இத்துறையைத் தொடக்கத்திலிருந்தே துரத்தும் முரண்.

சரி, கடத்துத்திறன் நேர்மையாக 10% கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துச் சதவீதம் எங்கள் மாடிப் பெட்டிக்குள் என்ன செய்யும்? இங்கேதான், ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் முன்னுரையோடு தாண்டிப்போகும் கேள்வியை நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது: இந்தக் கருவியில் வெப்பத்துக்குத் தடை எங்கே இருக்கிறது?

வெயில் முதலில் கண்ணாடியைக் கடக்கிறது; அங்கே பத்தில் ஒரு பங்கு அளவு திரும்பிப் போய்விடுகிறது. மிச்சம் கறுப்புப் பூச்சுள்ள தாமிரத் தகட்டில் விழுந்து வெப்பமாகிறது. அந்த வெப்பம் மெல்லிய தகட்டின் வழியாகப் பக்கவாட்டில் நடந்து குழாயை அடைந்து, குழாய்ச் சுவரைத் தாண்டி, கடைசியாக நீரில் இறங்குகிறது. இந்தப் பயணத்தின் ஊடே, தகடு எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கண்ணாடி வழியே வெளிக்காற்றுக்கும் வெப்பம் கசிந்துகொண்டே இருக்கிறது. ஒரு சாதாரணக் கலனின் அளவுகளை எடுத்துக்கொள்வோம்: குழாய்களுக்கு இடையே 12 சென்டிமீட்டர், குழாயின் உள்விட்டம் 11 மில்லிமீட்டர் சுமார், 0.2 மில்லிமீட்டர் தாமிரத் தகடு, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 5 வாட் வெப்ப இழப்பு. குழாயில் நீர் மெல்ல, அடுக்கடுக்காக ஓடும்போது சுவரிலிருந்து நீருக்கு வெப்பம் மாறும் கெழு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 250 வாட் அளவில் இருக்கும். நண்பகலில் சதுர மீட்டருக்கு 700 வாட் நீருக்குள் போகிறது என்றால், குழாய்ச் சுவருக்கும் நீருக்கும் இடையே 9 அல்லது 10 டிகிரி வித்தியாசம் நின்றாக வேண்டும். அந்தப் பத்து டிகிரி அளவுக்குத் தகடு கூடுதலாகச் சூடாவதால் ஏற்படும் இழப்பு சுமார் 50 வாட்.

இந்த 50 வாட்தான் நீரின் சோம்பேறித்தனத்துக்கு நாம் கட்டும் முழு அபராதம். கடத்துத்திறன் 10% கூடிய திரவத்தை ஊற்றினால் அந்த வித்தியாசம் ஒரு டிகிரிக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கும். மிச்சமாவது 4, 5 வாட். 700க்கு 4 என்பது அரை சதவீதத்தை ஒட்டிய லாபம். இன்னும் ஒரு படி போய், வெப்பத்துக்கு எந்தத் தடையும் இல்லாத, உலகில் எங்குமே கிடைக்காத ஒரு மாயத் திரவத்தை ஊற்றினால்கூட, இந்தக் கலனின் ஆதாயம் 6% அளவோடு நின்றுவிடும். தட்டை வகைச் சேகரிப்பானுக்கான பாடநூல் சூத்திரத்தை வைத்து அரைமணி நேரத்தில் யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. கண்ணாடியை வாரம் ஒரு முறை துடைப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்காது என்று சொன்னால் ஆய்வு மாணவர்கள் வருத்தப்படுவார்கள். ஆனாலும் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

அப்படியிருக்க, 2012இல் வெளியாகிப் பலராலும் மேற்கோள் காட்டப்படும் ஓர் ஈரானிய ஆய்வு, தட்டை வகைக் கலனில் எடையளவில் 0.2% அலுமினா கலந்த நீரைச் செலுத்தியபோது செயல்திறன் 28.3% உயர்ந்தது என்கிறது. அந்த அளவீட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் எடையில் 0.2% என்பது கன அளவில் 0.05% மட்டுமே, அத்தனை சிறு கலப்பால் கூடும் கடத்துத்திறனைக் கொண்டு அந்த 28 சதவீதத்தை விளக்க முடியாது என்பது மேலே உள்ள கணக்கிலிருந்தே தெரிகிறது. ஓட்டத்தின் தன்மை மாறியிருக்கலாம், சுவரில் ஏதேனும் படலம் உருவாகியிருக்கலாம், வெளிப்புற நிலைமைகள் ஒத்திருக்காமல் போயிருக்கலாம். உள்ளே வரும் நீருக்கும் வெளியே போகும் நீருக்கும் இடையே சில டிகிரிகளே வித்தியாசம் உள்ள சோதனையில் வெப்பமானி அரை டிகிரி தவறினாலே செயல்திறன் எண் ஆட்டம் கண்டுவிடும்.

ஒப்பிடும் முறையிலேயே ஒரு பொறி இருப்பதையும் சொல்ல வேண்டும். நானோ திரவத்தையும் வெறும் நீரையும் ஒரே ரெனால்ட்ஸ் எண்ணில் வைத்து ஒப்பிடுவது இக்கட்டுரைகளில் வழக்கம். ஓட்டம் அடுக்கடுக்காக இருக்குமா, கொந்தளிக்குமா என்று சொல்லும் அந்த எண்ணின் மேல்பகுதியில் வேகமும் கீழ்ப்பகுதியில் பாகுத்தன்மையும் இருக்கின்றன. துகள் கலந்ததால் பாகுத்தன்மை 30% கூடினால், அதே ரெனால்ட்ஸ் எண்ணை எட்ட வேகத்தையும் 30% கூட்டியாக வேண்டும். வேகம் கூடினால் எந்தத் திரவமும் நன்றாகத்தான் வெப்பத்தை வாங்கும். அந்தப் புகழ் துகளுக்குப் போய்விடுகிறது. அந்த வேகத்துக்குப் பம்பு செலவழிக்கும் திறனோ, அடுக்கு ஓட்டத்தில், இரண்டு மடங்குக்கு மேல். ஒரே பம்புத் திறனில் ஒப்பிட்டால் பல வெற்றிகள் அந்த இடத்திலேயே கரைந்துவிடும்.

பாகுத்தன்மையைப் பற்றி ஐன்ஸ்டைன் 1906இல் தந்து 1911இல் திருத்திய சூத்திரப்படி, அது துகளின் கன விகிதத்தைப் போல இரண்டரை மடங்கு கூட வேண்டும். உண்மை நானோ திரவங்களில் அது பத்து மடங்கை ஒட்டியும் அதற்கு மேலும் போகிறது, ஏனெனில் துகள்கள் தனித்தனியாக இல்லாமல் சிறு கொத்துகளாகத் திரவத்தைத் தம்முள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ரவி பிரஷரும் உடனிருந்தவர்களும் 2006இல் ஓர் எளிய அளவுகோலைத் தந்தார்கள்: பாகுத்தன்மையின் உயர்வு கடத்துத்திறன் உயர்வைப் போல நான்கு மடங்கைத் தாண்டிவிட்டால், அந்தத் திரவம் அடுக்கு ஓட்டத்தில் வெறும் நீரைவிட மோசமானது. கடத்துத்திறனுக்கு மூன்று, பாகுத்தன்மைக்குப் பத்து என்ற விகிதம் இந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறது; ஆனால் மயிரிழையில். பெங்களூர் வீட்டுக் கலன்களில் பெரும்பாலானவற்றுக்குப் பம்பே கிடையாது என்பது இதில் இன்னொரு சிக்கல். சூடான நீர் இலேசாகி மேலேறித் தொட்டிக்குப் போவதும், குளிர்ந்த நீர் கீழிறங்கி அதன் இடத்தை நிரப்புவதுமாக, அடர்த்தி வேறுபாட்டின் மெல்லிய உந்துதலில் மட்டும் அவை இயங்குகின்றன. அந்த உந்துதல் கொஞ்சம் கெட்டியான திரவத்தையும் அதே வேகத்தில் தள்ளும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. போதாக்குறைக்கு, ஒரு கிலோ அலுமினாவின் வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிலோ நீரினுடையதில் ஐந்தில் ஒரு பங்குதான். வெப்பத்தைச் சுமந்து செல்லும் வேலையில் நீரை அடித்துக்கொள்ளச் சாதாரணப் பொருள் எதுவும் இல்லை.

நிலைத்தன்மைக்கு வருவோம், இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனெனில் இதன் வேதியியல் நம் சமையலறையிலேயே இருக்கிறது. பால் ஒரு கூழ்மம். அதில் கேசின் புரதம் 100 முதல் 200 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகளின் மேற்பரப்பில் உள்ள எதிர்மின்னூட்டமும் மயிர் போன்ற அதன் வெளியடுக்கும் ஒன்றையொன்று ஒட்டவிடாமல் தள்ளி நிறுத்துகின்றன. எலுமிச்சைச் சாறு பிழிந்தால் பி.எச். அளவு 4.6 அருகே இறங்கி மின்னூட்டம் அழிந்து, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பால் திரிந்துபோகிறது. நானோ திரவமும் இப்படியே திரியும். அலுமினாத் துகளுக்கு மின்னூட்டம் அற்றுப்போகும் புள்ளி பி.எச். 9 சுற்றுவட்டத்தில் இருக்கிறது. அதனால் ஆய்வுக்கூடத்தில் அதை அமிலச் சார்பில், 4 அருகே, வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அந்த அமிலம் தாமிரக் குழாயை மெல்ல அரிக்கும். நடுநிலை நீரில் வைத்தாலோ துகள் திரியத் தயாராக நிற்கும். இதற்கு மேல், பெங்களூரின் ஆழ்துளைக் கிணற்று நீரில் தாராளமாக உள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகள் இரட்டை மின்னூட்டம் கொண்டவை. எதிர்மின்னூட்டம் கொண்ட துகள்களைச் சுற்றியுள்ள காவல் வட்டத்தை ஒற்றை மின்னூட்ட உப்பைவிடப் பல மடங்கு வேகமாக இவை சுருக்கிவிடும். கலங்கிய குடத்து நீரைத் தெளியவைக்க நம் ஊர்களில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டதும், நகராட்சிகள் படிகாரம் போடுவதும் இதே கொள்கையில்தான். நானோ திரவம் செய்பவர் விரும்புவது தெளியாத நீரை; ஆனால் உலகில் உள்ள பெரும்பாலான நீர் தெளியவே முனைகிறது.

எண்ணில் சொன்னால் இந்த வேறுபாடு திகைக்கவைக்கும். 50 நானோமீட்டர் அலுமினாத் துகள் ஒன்று தனியாக இருந்தால் அசையா நீரில் ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர்கூட இறங்காது. பிரௌனியன் துள்ளலே அதைத் தாங்கிக்கொள்ளும். அத்தகைய துகள்கள் ஒட்டிச் சேர்ந்து ஒரு மைக்ரான் அளவுள்ள கெட்டியான கட்டியாகிவிட்டால் அது ஒரே நாளில் 14 சென்டிமீட்டர் இறங்கிவிடும். விட்டம் இருபது மடங்கானால் இறங்கும் வேகம் நானூறு மடங்காகிறது. கல்லூரி ஆய்வுக்கூடம் ஒன்றில் இதை நேரிலேயே பார்த்தேன். அல்ட்ராசானிக் தொட்டியில் ஒரு மணி நேரம் அதிரவைத்து எடுத்தபோது பால்போல் ஒரே சீராக இருந்த புட்டி, மூன்றாம் நாள் மேலே மோரின் தெளிவும் அடியில் கோலமாவு படிந்ததுபோல் ஒரு வெள்ளைப் படிவுமாக நின்றது. குலுக்கினால் மறுபடியும் பாலாகிறதே என்று ஒரு மாணவர் சமாதானம் சொன்னார். மாடியில் இருக்கும் கலனை யார் குலுக்குவது? சோப்பு போன்ற பரப்புவினைப் பொருள்களைச் சேர்த்துத் துகளைத் தனித்து நிறுத்தலாம்தான். ஆனால் அவை நுரைக்கும். 60, 70 டிகிரிக்கு மேல் போனால் பலவும் துகளைவிட்டுக் கழன்றுவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் வெந்நீரே திறக்காமல் விட்ட வீட்டில் தொட்டி நீர் 80, 90 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாகவே கேட்டிருக்க வேண்டிய எளிய கேள்வி ஒன்று உண்டு. பெரும்பாலான வீடுகளில் கலனுக்குள் ஓடும் நீரே குளியலறைக் குழாயிலும் வருகிறது. அதில் அலுமினாவையோ தாமிர ஆக்சைடையோ யாரும் கலக்கப்போவதில்லை. நானோ திரவத்தைத் தனிச் சுற்றில் ஓடவிட்டு, வெப்பமாற்றி ஒன்றின் வழியே குளிக்கும் நீருக்கு வெப்பத்தைக் கைமாற்ற வேண்டும். வெப்பமாற்றியின் சுவருக்கு இரு பக்கமும் சேர்ந்து குறைந்தது சில டிகிரி வித்தியாசம் தேவைப்படும். அந்த அளவுக்குத் தகடு கூடுதலாகச் சூடாக வேண்டும். ஒரு டிகிரி மிச்சம் பிடிக்கப் போய்ச் சில டிகிரிகளை இழக்கும் ஏற்பாடு அது.

ஆக, நானோ திரவம் வீண் என்பதா? அப்படிச் சொன்னால் அது இன்னொரு வகை அவசரம். மேலே போட்ட கணக்கு முழுவதும் ஒளியைத் தகடு பிடிக்கிறது, வெப்பத்தைத் திரவம் வாங்குகிறது என்ற அமைப்புக்கு உரியது. தகட்டையே எடுத்துவிட்டு, வெயிலைத் திரவமே நேராக விழுங்கும்படி செய்தால் கதை மாறுகிறது. இதை 'நேரடி உறிஞ்சல் சேகரிப்பான்' என்கிறார்கள். இதிலும் முதல் அடி பழையதுதான்: 1975இல் மினார்டி, சுவாங் என்ற இருவர், ஒளி ஊடுருவும் குழாய்களில் கறுப்புத் திரவத்தை ஓடவிட்டுச் சூரிய வெப்பத்தைப் பிடித்துக் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்திய கறுப்பு, 'இந்தியா இங்க்' என்று ஐரோப்பியர்கள் பெயர் வைத்துவிட்ட கரிமை. விளக்குக் கரியை நீரில் குழைத்தது. சரியாகப் பார்த்தால் அதுவும் ஒரு கூழ்மம், பெயர் வைக்கப்படாத ஒரு நானோ திரவம்.

வெறும் நீர் இந்த வேலைக்கு ஏன் ஆகாது என்றால், அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஏறத்தாழ முழுவதுமாக ஊடுருவ விட்டுவிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழமுள்ள நீர், சோதிக்கப்பட்ட வழக்கமான வெப்பத் திரவங்களிலேயே மிக நன்றாக உறிஞ்சுவது. அதுவே சூரிய ஆற்றலில் 13% அளவுதான் பிடிக்கிறது. அந்த ஒரு சென்டிமீட்டரில் கிராஃபைட் போன்ற கரித்துகள்களைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு சேர்த்தாலே கண்ணுக்குத் தெரியும் ஒளி அடிவரை போகாது. இந்த அளவுக் கலப்பில் பாகுத்தன்மை மாறுவதில்லை, குழாய் அடைபடுவதில்லை, செலவும் பெரிதில்லை. கடத்துத்திறனும் கூடுவதில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நானோ திரவம் சூரிய வெப்பத்துக்கு உண்மையாகக் கைகொடுக்கும் இடத்தில், அது எதற்காகப் புகழ்பெற்றதோ அந்தப் பண்புக்கு வேலையே இல்லை.

துகளின் சிறுமை இங்கே வேறு வகையில் உதவுகிறது. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள் ஒளியைச் சிதறடிப்பது குறைவு, விழுங்குவது அதிகம். உலோகத் துகளாக இருந்தால், அதன் மின்னணுக் கூட்டம் ஒரு குறிப்பிட்ட நிறத்துக்கு ஒத்திசைந்து அதிர்ந்து அந்த நிறத்தை மட்டும் அள்ளிக்கொள்ளும். வெள்ளி 400 நானோமீட்டர் அருகிலும், தங்கம் 520 அருகிலும் அப்படிச் செய்கின்றன. மைக்கேல் ஃபாரடே 1857இல் செய்து வைத்த தங்கக் கூழ்மம் மாணிக்கச் சிவப்பாக இருந்தது இதனால்தான். துகளின் அளவையும் வடிவத்தையும் மாற்றி, எந்த நிறத்தை எந்த ஆழத்தில் விழுங்குவது என்று தீர்மானிக்க முடிவது, கறுப்புப் பூச்சுக்கு இல்லாத வசதி. வெப்பம் மேற்பரப்பில் தோன்றாமல் திரவத்தின் உடல் முழுவதும் தோன்றுவதால், கண்ணாடியை ஒட்டிய அடுக்கு உள்ளடுக்கைவிடக் குளிர்ந்தே இருக்கும்படியும் வடிவமைக்கலாம்; தகட்டுக் கலனில் மிகச் சூடான பொருளே கண்ணாடியைப் பார்த்து நிற்கிறது. 2009இல் ஹிமான்ஷு தியாகி, பேட்ரிக் ஃபெலன், பிரஷர் ஆகியோர் அலுமினியத் துகள் கலந்த நீருக்குப் போட்ட கணக்கில், இத்தகைய கலன் தட்டை வகையைவிட 10% வரை மேம்படலாம் என்று வந்தது. அடுத்த ஆண்டு டாட் ஒட்டானிகரும் உடனிருந்தவர்களும் கிராஃபைட், கார்பன் நானோ குழாய், வெள்ளி ஆகிய துகள்களை வைத்துச் சிறு கருவியில் சோதித்தபோது 5% வரை முன்னேற்றம் கிடைத்தது. கணக்குக்கும் சோதனைக்கும் இடையிலான இந்த இறக்கத்தை நான் குறையாகக் கருதவில்லை. 28 சதவீதத்தைவிட இந்த 5 சதவீதத்தின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இதற்கும் எதிர்த்தரப்பு வலுவாகவே இருக்கிறது. இன்றைய தகட்டுப் பூச்சுகள் வெறும் கறுப்பு அல்ல. வெயிலை 95% வாங்கிக்கொண்டு, அகச்சிவப்பு வெப்பத்தைப் பத்தில் ஒரு பங்கு அளவே வெளியே விடும் தேர்வுப் பூச்சுகள் அவை. நீரோ, கண்ணாடியோ அகச்சிவப்பைத் தாராளமாக வெளிவிடும். எனவே நேரடி உறிஞ்சல் கலன் வெல்ல வேண்டியது பழைய கறுப்புப் பெயின்டை அல்ல, இந்தப் பூச்சை. அதோடு, வெயிலும் சூடும் மாறி மாறிப் பட்டுத் துகள்கள் ஒட்டிக்கொண்டால், ஒளி நுழைய வேண்டிய கண்ணாடியின் உட்புறத்திலேயே கரி படியத் தொடங்கும். பத்து ஆண்டு உழைக்க வேண்டிய கருவியில் அதை யார் துடைப்பது என்பதற்கு இன்னும் நல்ல விடை இல்லை.

பெரிய மின்நிலையங்களில் நிலைமை வேறு. வெயிலைக் குவிக்கும் பரவளைய ஆடிகளால் 393 டிகிரி வரை சூடாகும் எண்ணெயின் கடத்துத்திறன் நீரினுடையதில் ஒரு சிறு பங்குதான் என்பதால் அங்கே முன்னேற்றத்துக்கு இடம் உண்டு. ஆனால் அந்தச் சூட்டில் துகளை மிதக்கவைப்பது கடினம். உருகிய உப்பில் வெப்பத்தைச் சேமிக்கும் நிலையங்களுக்கு இன்னொரு வாய்ப்பு தெரிகிறது. ஷின், பானர்ஜி இருவரும் 2011இல் குளோரைடு உப்புக் கலவையில் 1% சிலிக்காத் துகளைச் சேர்த்தபோது வெப்ப ஏற்புத்திறன் 14.5% கூடியதாகக் கண்டார்கள். சாதாரணக் கூட்டல் கணக்கு இவ்வளவு உயர்வை விளக்காது. காரணம் பற்றிய வாதம் ஓயவில்லை. உண்மையானால் அதே தொட்டியில் அதிக வெப்பத்தைச் சேமிக்கலாம்.

கீழ்வீட்டுப் பையனிடம் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. அறுத்த குழாய்த் துண்டை அவன் கையில் கொடுத்து, வெள்ளை வளையத்தின் தடிமனை அளந்து பார்க்கச் சொன்னேன். கல்லூரியிலிருந்து வெர்னியர் காலிப்பர் கொண்டுவந்து அளந்தான்: ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். உப்புப் படிவின் கடத்துத்திறன் குறைவுதான். ஆனாலும் ஒரு மில்லிமீட்டருக்கு அது போடும் வெப்பத் தடை, நீர் போடுவதில் எட்டில் ஒரு பங்கு அளவே. உண்மையான சேதம் வேறிடத்தில். அடுக்கு ஓட்டத்தில் குழாய் விடும் நீர், விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 11.2 மில்லிமீட்டர் விட்டம் 9.2 ஆகச் சுருங்கினால், அதே உந்துதலில் ஓடும் நீர் பாதிக்கும் கீழே போய்விடும். அவன் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்து 0.455 என்றான். இடையில் மாடிக்கு வந்த பழுது பார்ப்பவர், மற்ற ரைசர்களை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்திருந்த வாளியைக் காட்டி, நுரை அடங்கியதும் புது கேஸ்கெட் போட்டுவிடலாம் என்றும், இனி மாடிக் கலனுக்குக் காவிரித் தண்ணீர் தொட்டியிலிருந்து மட்டும் இணைப்புக் கொடுத்தால் நல்லது என்றும் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கக் கீழே இறங்கினார்.